பதில் ஆள்

பொங்கல் முடிந்து தெருவில் கரும்புச் சக்கையைக்கூட இன்னும் அள்ளியிருக்க மாட்டார்கள், அதற்குள் எங்கள் கம்பெனி ஆம்பிளைகளுக்கு ஞானம் பிறந்துவிடும். வருஷம் பூராவும் இரண்டாவது வடைக்குக் கையை நீட்டுகிறவர், பாகற்காய்ப் பொரியல் போட மாட்டீர்களா என்று கேட்பார். டீயில் சர்க்கரை வேண்டாம் என்பார்கள். மதியம் பாதிச் சோற்றோடு எழுந்துவிடுவார்கள். விடியற்காலையில் கடற்கரை ரோட்டுக்குப் போய் நடக்கிறார்களாம். எல்லாம் எதற்கு? அடுத்த வாரம் செக்கப் கேம்ப். உடம்பில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அல்ல, என்ன இருந்தாலும் அது ரிப்போர்ட்டில் வராமல் இருக்க இத்தனை பாடு. கேம்ப் முடிந்த மத்தியானமே வடைத் தட்டு காலியாகிவிடும்.

எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இரும்பு வார்ப்புச் சாமான் செய்கிற கம்பெனி. நான் அங்கே கேன்டீனில் காண்ட்ராக்ட் வேலை. எங்கள் வீட்டுக்காரர் உள்ளே கிரேன் ஆபரேட்டர். கேம்ப் நடப்பதும் எங்கள் கேன்டீனில்தான். மேசைகளை ஓரம் தள்ளி, வெள்ளைத் துணி விரித்து, ரத்தம் எடுக்கிறவர்கள் வரிசையாக உட்கார்ந்துகொள்வார்கள். வெறும் வயிற்றோடு வந்து ரத்தம் கொடுத்தவனுக்கு இட்லி எடுத்துவைப்பது என் வேலை. அதனால் எல்லாம் என் கண்ணுக்கு முன்னால்தான் நடந்தது.

பயத்துக்குக் காரணம் இருந்தது. சர்க்கரையோ பிரஷரோ ஏறியிருந்தால் கிரேனிலிருந்தும் உலையிலிருந்தும் இறக்கி பேக்கிங்குக்கு அனுப்பிவிடுவார்கள். சம்பளம் குறையும், ஓவர்டைம் கிடையாது. உயரத்தில் உட்கார்ந்து இரும்பைத் தூக்குகிறவனுக்குத் தலை சுற்றினால் கீழே நிற்கிறவன் கதி என்ன என்று கம்பெனி கேட்டது. நியாயமான கேள்விதான். ஆனால் கடன் வாங்கி வீடு கட்டியவனுக்கும் பெண்ணைப் பெற்றவனுக்கும் நியாயம் எங்கே காதில் விழுகிறது?

ஸ்டோர் அண்ணனுக்கு இந்தப் பயம் எதுவும் கிடையாது. பேரை எழுத எனக்கு மனசு வரவில்லை, ஸ்டோர் அண்ணன் என்றே இருக்கட்டும். ஸ்பேனர், கையுறை, கிரீஸ் டப்பா எடுத்துக்கொடுத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிற வேலை. ஒல்லியான, உயரமான மனிதர். சட்டையில் கழுத்துப் பொத்தான்கூடப் போட்டிருப்பார். யார் எதைக் கேட்டாலும் ‘தோ’ என்பார். தோ என்றால் இதோ. அந்த வாய்க்கு இல்லை என்று சொல்லத் தெரியாது.

ஸ்கூட்டரை யாராவது கேட்டால் கொடுத்துவிட்டு, மழையில் தலைக்குச் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு கதிர்காமம் வரைக்கும் நடந்து போவார். ஏன் அண்ணே இப்படி என்றால், "நாம இன்னா சோப்பா, கரைஞ்சி பூடறதுக்கு?" என்பார். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்று நானே அவர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறேன். சிரிப்பார்.

எங்கே ஆள் குறைகிறதோ அங்கே அவரைக் கூப்பிடுவார்கள். கனகசெட்டிக்குளத்துக்காரர் ஒருவர் எங்கள் கம்பெனியில் வெல்டர். அவர் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. தாய்மாமன் கடலில் போனவன், திரும்பி வரவில்லை. சபையில் தாய்மாமன் மணை காலியாக இருக்கக்கூடாது என்று இவரைக் கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்தார்கள். நாம் என்றால் மாலையைப் போட்டுக்கொண்டு, பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு வந்திருப்போம். இவர் என்ன செய்தார்? அன்றையிலிருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் அந்தப் பெண்ணுக்குத் தாய்மாமன் சீர் கொண்டுபோய்க் கொடுத்தார். மணையில் உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்துவிட முடியுமா என்று கேட்டார்.

டவுனில் ஒரு சொல்தா இறந்துபோனார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். பிள்ளைகள் எல்லாம் பிரான்சில். பெட்டியைத் தூக்க ஆள் போதவில்லை என்று அந்த வழியாகப் போனவரைக் கூப்பிட்டார்கள். தூக்கினார். அதற்கப்புறம் வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு அந்த முகம் தெரியாத கிழவருக்கு மெழுகுவத்தி ஏற்றப் போனார். நெற்றியில் விபூதியோடு கல்லறையில் இவரைப் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

இப்படிப்பட்ட ஆளிடம்தான் எங்கள் வீட்டுக்காரர் போய் அழுதார்.

தண்ணீர் தாகம் தாங்காமல் வெளியே ஒரு லேபில் பார்த்ததில் சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. கேம்புக்கு ஒரு வாரம்கூட இல்லை. ஸ்டோர் வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாராம். அண்ணன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, இதற்கா அழுகிறாய் என்றார். அவருடைய கார்டை இவரும் இவருடைய கார்டை அவரும் எடுத்துக்கொள்வது. இவர் பேரில் அவர் ரத்தம் கொடுப்பது, அவர் பேரில் இவர் கொடுப்பது. அவ்வளவுதான்.

"உன்னுது என் பேர்ல வந்தா எனக்கு இன்னா நட்டம்? நீ கிரேன்ல உக்கார்றவன். நான் ஸ்டூல்ல உக்கார்றவன். எனக்கு சக்கரன்னா ஸ்டூல் கவுந்தா பூடும்?"

கேம்பில் வரிசையில் நிற்கிறவர்களுக்கெல்லாம் தலையில் தொப்பி, முகத்தில் மாஸ்க். கார்டில் இருக்கிற போட்டோ தேய்ந்து யார் மாதிரியும் இருக்கும். வெளியூர் லேப் ஆட்களுக்கு எங்கள் முகம் தெரியாது. நான் இட்லிப் பானைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். என் புருஷன் பேரைக் கூப்பிட்டார்கள், அண்ணன் எழுந்து போய்க் கையை நீட்டினார்.

அதோடு விடவில்லை அவர். மறுவாரம் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு கம்பெனி டாக்டர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசுவார். அண்ணனுக்கு நல்ல வசவு. பெண்டாட்டி பிள்ளை மேல் அக்கறை இல்லையா, காலை எடுக்கிற நிலைமை வந்தால் யார் பார்ப்பார்கள் என்று. தலையைத் தொங்கப்போட்டுக் கேட்டுக்கொண்டார். சாயந்திரம் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, டாக்டர் மாதிரியே விரலை ஆட்டி ஒரு வார்த்தை விடாமல் எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னார். இனிமேல் அரிசிச் சோறு குறை, தினம் நட, செருப்பில்லாமல் நடக்காதே. முதலுதவி அறையில் மாசாமாசம் அவர் பேரில் கொடுத்த சர்க்கரை மாத்திரையை வாங்கி என்னிடம் கொடுத்துவிடுவார். ஒரு மாசம் தவறியதில்லை. அவர் மட்டும் கேன்டீனில் பாயசம் மாதிரி டீ குடிப்பார், டாக்டர் அந்தப் பக்கம் வந்தால் டம்ளரை மேசைக்குக் கீழே இறக்கிக்கொள்வார். நாங்கள் சிரித்தோம். சிரிக்காமல் என்ன செய்வது, அப்படித்தான் இருந்தது. வருஷா வருஷம் இது நடந்தது.

அப்புறம் ஒரு தை மாதம். கேம்ப் முடிந்து மறுவாரம் எங்கள் வீட்டுக்காரர் முகமெல்லாம் வெளுத்து வந்தார். அவர் ரிப்போர்ட்டில் கிட்னி சரியில்லை என்று வந்திருக்கிறதாம், உடனே பெரிய லேபில் போய் மறுபடி பார்க்கச் சொல்லிவிட்டார்களாம். கையில் இருந்த கரண்டியோடு நான் நின்றுவிட்டேன். "ஏங்க, அது உங்க ரத்தம் இல்லியே," என்றேன். அவருக்கும் அது தெரிந்துதான் இருந்தது.

மறுநாள் போய் அவருடைய சொந்த ரத்தத்தைக் கொடுத்தார். கிட்னிக்கு மட்டும்தான் பார்த்தார்கள். நல்லபடியாக இருந்தது. முதலில் எடுத்ததில் லேப் தப்பு நடந்திருக்கிறது என்று கம்பெனி டாக்டர் எழுதி முடித்துவிட்டார். அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது அண்ணனிடம் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டேன். சொல்லிவிட்டேன், வெளி டாக்டரிடம் காட்டிக்கொள்கிறேன் என்றார் என்று பதில் வந்தது. அடுத்த மாசமும் கேட்டேன். பார்த்துக்கொண்டிருக்கிறார், நீ இதைக் கேன்டீனில் வைத்துப் பேசித்தொலைக்காதே என்றார். ஆவணியில் எங்கள் பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருந்தோம். சத்திரம், பத்திரிகை, நகை என்று தலைக்கு மேல் வேலை. நான் நம்பினேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானமே அண்ணன் மண்டபத்துக்கு வந்துவிட்டார். அரிசி மூட்டை இறக்கியது, தண்ணீர் லாரிக்கு அலைந்தது, எல்லாம் அவர்தான். முகம் கொஞ்சம் உப்பினாற்போல இருந்தது. முகூர்த்தம் அன்று காலையில் சமையல்கட்டுக்குப் பின்னால் கை கால் கழுவ உட்கார்ந்திருந்தார். செருப்பைக் கழற்றியிருந்தார். வார் பதிந்த இடம் பள்ளமாக அப்படியே நிற்கிறது, கால் இரண்டும் வீங்கி மினுமினுக்கிறது. டாக்டர் என்ன சொன்னார் அண்ணே என்று கேட்டேன்.

"எந்த டாக்டருமா?"

"கிட்னிக்குத்தான் அண்ணே."

"எனக்கு இன்னா கிட்னி? கால் வலி இருக்குது, மருந்துக் கடையில மாத்திர வாங்கிப் போட்டுக்கினு இருக்கறேன். தெனம் ரெண்டு போட்டாத்தான் நடக்க முடியுது."

உள்ளே நாதஸ்வரக்காரர் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். பட்டுப்புடவையோடு அந்த ஈரத்தரையில் அவர் எதிரில் உட்கார்ந்துவிட்டேன். தையில் வந்த ரிப்போர்ட்டை, மறுபடி பார்த்ததை, லேப் தப்பு என்று முடித்ததை, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைவிரலால் வீக்கத்தை ஒரு தரம் அமுக்கிப் பார்த்தார். குழி விழுந்தது.

"மறந்திருப்பான்மா," என்றார். "கல்யாண அலைச்சல்."

மறக்கிற விஷயமா அண்ணே இது என்றேன். என் குரல் உயர்ந்திருக்க வேண்டும், கையைக் காட்டி அமர்த்தினார்.

"இப்ப அவங்கிட்ட ஒண்ணும் கேக்காத. பொண்ணு தாலி கட்டிக்கற நேரம். எழுந்திரு, பொடவ நனையுது பாரு."

எழுந்து போய்ப் பந்தி பரிமாறினார். கடைசிப் பந்தி வரைக்கும் சாம்பார் வாளியைக் கீழே வைக்கவில்லை. நான் மணமேடையில் நின்று சிரித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றேன். அந்த ஆல்பத்தை இன்றைக்கும் என்னால் திறக்க முடியாது.

பெண்ணை அனுப்பிவைத்த அன்று சாயந்திரம் எங்கள் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன். முதலில் மழுப்பினார். அப்புறம் சொன்னார். அண்ணன் கள்ளம் தெரியாத ஆள், தெரிந்தால் பயந்துபோய் டாக்டரிடம் எல்லாவற்றையும் உளறிவிடுவார், கல்யாணத்துக்கு முன்னால் வேலை போனால் சம்பந்திக்கு என்ன பதில் சொல்வது, முடியட்டும் என்றுதான் இருந்தேன் என்றார். ஏழு மாசம் தினம் அந்த ஆளோடு உட்கார்ந்து டீ குடித்திருக்கிறார். அவர் முழங்காலைத் தடவிக்கொண்டு மாத்திரை விழுங்குவதைப் பார்த்துக்கொண்டு குடித்திருக்கிறார். பாவி என்று சொன்னேன். அதைவிடப் பெரிய வார்த்தை எனக்குத் தெரிந்திருந்தால் அதைச் சொல்லியிருப்பேன்.

அண்ணனை ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். டாக்டர் அம்மா பழைய ரிப்போர்ட் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். அண்ணன் கம்பெனி ரிப்போர்ட்டைக் கொடுத்தார். அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தையில் கிட்னி இவ்வளவு நன்றாக இருந்திருக்கிறதே, அதற்குள் எப்படி என்று அந்த அம்மா குழம்பிப்போனார். நன்றாகத்தான் இருக்கும், என் புருஷனுடைய கிட்னி அல்லவா அது. நான் வாயைத் திறக்கப் போனேன், அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் அடங்கிப்போனேன். வலி மாத்திரை போடுவீர்களா என்று டாக்டர் அம்மா கேட்டார். போடுகிறேன் என்றார் அண்ணன். அந்த அம்மா பேனாவை வைத்துவிட்டு, கிட்னி கெட்ட ஆள் இதைத் தொடவே கூடாது, அப்போதே தெரிந்து நிறுத்தியிருந்தால் இந்த அளவுக்கு வந்திருக்காது என்றார்.

வாரா வாரம் டயாலிசிஸ். ஸ்டூலில்கூட உட்கார முடியாமல் வேலையை விட்டார். எங்கள் வீட்டுக்காரர்தான் ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வந்தார், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. அண்ணன் அவரிடம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. வழியில் கிரேன் எப்படி ஓடுகிறது, மாப்பிள்ளை எப்படி என்றெல்லாம் விசாரிப்பாராம். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டாத மனிதனைப் போல ஒரு தண்டனை உண்டா? ஆனால் என் புருஷன் அதைத் தண்டனையாக எடுத்துக்கொண்டாரா, தப்பித்தோம் என்று எடுத்துக்கொண்டாரா, எனக்கு இன்றுவரை தெரியாது.

ஒருநாள் கஞ்சி கொண்டுபோனபோது, கம்பெனியில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன் அண்ணே, என் மனசு ஆறவில்லை என்றேன். சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தவர் இந்தப் பக்கம் திரும்பினார்.

"வேணாம்மா. பொண்ணு போன வீட்டுல குத்திக் காட்டுவாங்க. நான் இருக்கற வரைக்கும் வேணாம்."

அவர் மனைவிக்கு, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவருக்கு, இதில் ஒன்றும் தெரியாது. கார்டு மாற்றியதும் தெரியாது. இவர் பேரில் சர்க்கரை என்று எழுதியிருந்ததும் தெரியாது. மார்கழியில் அண்ணன் போய்விட்டார். எடுத்துக்கொண்டு போகும்போது எங்கள் வீட்டுக்காரர் முன்னால் நின்று தோள் கொடுத்தார். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "கூடப்பொறந்தவன்கூட இப்டி பாத்துருக்க மாட்டாம்மா, உம் புருஷன் நல்லாருக்கணும்," என்று அழுதார். என் கை அவர் கைக்குள் மரத்துப்போயிற்று.

காரியம் முடிந்து பொங்கலும் வந்து போயிற்று. துக்க வீடு என்று நாங்கள் பொங்கல் வைக்கவில்லை. கேம்ப் வந்தது.

நான் இட்லித் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். வரிசையில் என் புருஷன். அவருக்குப் பின்னால் புதிதாக ஸ்டோருக்கு வந்திருந்த ஆள், இரண்டு குழந்தைகளுக்கு அப்பா, ஒருநாள் மிச்ச இட்லி இருந்தால் கொடுங்கள் அக்கா என்று பிள்ளைகளுக்கு வாங்கிப்போனவர். பேச்சுவாக்கில் திரும்புகிற மாதிரி திரும்பினார்கள். கார்டு கை மாறியது.

எனக்கு முதலில் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. அப்புறம் என்ன வந்ததென்று தெரியாது, கைக்கரண்டியைப் போட்டுவிட்டு, மேசைகளைச் சுற்றிக்கொண்டு, கம்பெனி டாக்டர் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போய்விட்டேன்.

"டாக்டர், இவரு கார்டு அவருகிட்ட இருக்குது, அவரு கார்டு இவருகிட்ட இருக்குது. பேரக் கேட்டு ரத்தம் எடுங்க."

என் புருஷன் என்னடி உளறுகிறாய் என்றார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை. போன தையில் லேப் தப்பு என்று எழுதினீர்களே, அது தப்பு இல்லை, அது ஸ்டோர் அண்ணனுடைய ரத்தம் என்று சொன்னேன். கையில் பஞ்சை அமுக்கிக்கொண்டு நின்றவர்கள் அப்படியே நின்றார்கள். டாக்டர் என்னைப் பார்த்தார், அப்புறம் என் புருஷனைப் பார்த்தார். சட்டைக் கையை மடக்கச் சொன்னார். வருஷக்கணக்குக்கு அப்புறம் அவர் பேரில் அவர் ரத்தமே போயிற்று.

விசாரணை நடந்தது. கிரேன் போயிற்று, கொஞ்ச நாள் சஸ்பெண்டில் வைத்து பேக்கிங்கில் போட்டார்கள். கேன்டீன் காண்ட்ராக்டர் என்னை நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். சம்பந்தி வீட்டில் பேசினார்கள், பெண் போனில் அழுதாள். என் புருஷன் நான் போடுகிற சோற்றைச் சாப்பிடுகிறார், என்னோடு பேசுவதில்லை. ஊரெல்லாம் தெரிந்தபின் அண்ணிக்குத் தெரியாமல் இருக்குமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணி வந்தார். வாசலில் நின்றார், உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. டிவி பார்த்துக்கொண்டிருந்த என் புருஷன் எழுந்து, சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, பின்பக்கக் கதவு வழியாகப் போய்விட்டார். அண்ணி அவர் போவதைப் பார்த்தார்.

"போன தையிலயே தெரியுமா உங்களுக்கு?"

அண்ணனிடம் சொல்லிவிட்டதாக என் புருஷன் என்னிடம் சொன்னார், நான் நம்பிவிட்டேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அந்தப் பெண்மணியிடம் அதைச் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது?

"தெரியும் அண்ணி," என்றேன். "அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அண்ணனுக்கு மட்டுந்தான் தெரியாது."

அண்ணி தலையை ஆட்டினார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, வெயிலில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் போனார்.